கல்வத்தில் ஒரு சிட்டிகை

என் முனைவர் பட்ட ஆய்வை மாமியார் ஊராரிடம் இப்படித்தான் விளக்குவார்: "வீட்டுல கிரைண்டர் வாங்கிக் குடுத்திருக்கோம். இவ பஸ் ஏறி திருவண்ணாமலைக்குப் போயி கையால அரைச்சிட்டு வர்றா." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் கோபத்துக்குக் காரணம்.

உண்மையாகவே நான் அரைத்துக்கொண்டுதான் இருந்தேன். தினமும் காலையில் கீழ்பென்னாத்தூரில் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போவேன். வேதியியல் துறையின் மாடி அறையில் முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு, ஒரு கருங்கல் கல்வத்தில் மூன்று வெள்ளைப் பொடிகளைக் கொட்டி, குழவியால் அரைப்பேன். நாட்டு வைத்தியர்கள் சூரணம் அரைக்கும் அதே மாதிரிக் கல்வம்தான். ஆய்வின் தலைப்பு மட்டும் பஸ்ஸைவிட நீளம்: உயிர்ச்செயல் கொண்ட வேற்றணு வளையச் சேர்மங்களைப் பசுமை வேதியியல் முறையில் தயாரித்தல். கார்பன் அணுக்கள் கைகோத்து வட்டமாக நிற்கும்போது இடையில் ஓர் ஆக்சிஜனோ நைட்ரஜனோ புகுந்து ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டால் அது வேற்றணு வளையம். காய்ச்சலுக்கும் கிருமிக்கும் நாம் விழுங்குகிற மாத்திரைகள் பலவற்றில் இப்படி ஒரு வளையம் ஒளிந்திருக்கும். வழக்கமாக இவற்றைச் செய்ய நாற்றமடிக்கும் கரைப்பான்கள் வேண்டும், மணிக்கணக்கில் சூடு வேண்டும், பிறகு அந்தக் கழிவை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் பின்பக்கச் சாக்கடையைப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் குறைப்பதுதான் பசுமை முறை.

என் நெறியாளருக்குக் 'குறைப்பது' என்ற சொல்லே பிடிக்காது. ஒழிப்பதுதான் அவருக்கு வேதியியல். ஓய்வு பெறச் சில வருடங்களே இருந்த மனிதர், ஒரு கரைப்பானைக் கண்டால் ஜென்ம விரோதியைக் கண்டதுபோல் முறைப்பார். கரைப்பானை ஒழித்தார், அடுப்பை ஒழித்தார், கடைசியில் அறையின் மின்விசிறியையும் ஒழித்தார். சித்திரை வெயிலில் என் பொடிகளில் ஒன்று புட்டியிலேயே உருகித் தண்ணீராக நின்றது. "பாத்தியா, கரைப்பான் இல்லாமலே கரையுது" என்று சந்தோஷப்பட்டார். உருகியது பொடி மட்டுமல்ல, நானும்தான்.

கொஞ்ச நாள் மொட்டை மாடியில் வெயிலை வைத்தே வினை நடத்தப் பார்த்தோம். கண்ணாடித் தட்டில் கலவையைப் பரப்பிவிட்டுத் திரும்புவதற்குள் மலைப் பக்கமிருந்து ஒரு குரங்கு வந்து உட்கார்ந்தது. தட்டைத் தூக்கியது, மோந்து பார்த்தது, முகத்தைச் சுளித்துவிட்டு வைத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போனது. என் ஆய்வுக்கு வந்த முதல் விமர்சனம் அதுதான். அதன் பிறகே கல்வத்துக்கு வந்தோம். இறக்குமதிப் பீங்கான் வேண்டாம் என்று மலை சுற்றும் பாதையோரக் கடையொன்றில் நெறியாளரே பேரம் பேசி அந்தக் கருங்கல்லை வாங்கி வந்தார்.

அவரிடம் இன்னொரு சட்டம் இருந்தது. "லேப்ல சாமி கெடையாது. ஆதாரம் மட்டும்தான்." ஆயுத பூஜைக்கு உபகரணங்களுக்குப் பொட்டு வைக்கக் கூடாது. தராசுக்கு மேலே இருந்த சாமி காலண்டரையும் கழற்றி, அதன் பின்பக்கத்தில் தனிம அட்டவணையை ஒட்டி மாட்டினார். இவ்வளவும் சொல்கிற மனிதர் விடிவதற்கு முன்பே எழுந்து மலையை ஒரு சுற்று சுற்றிவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடுதான் துறைக்கு வருவார். இதில் முரண்பாடு இருப்பதாக அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. இந்த ஊரில் விபூதி பூசுவது சாமி கும்பிடுவதில் சேராது. அது முகம் கழுவுவதில் சேரும்.

கல்வம் வந்தபின் எங்களுக்கு நல்ல காலம் பிறந்தது. மூன்று பொடிகளும் அரைக்க அரைக்க ஈரமாகும், பிசினாக ஒட்டும், பிறகு இறுகிப் பொடியாகும். சோதனைத் தட்டில் வைத்துப் பார்த்தால் பழைய புள்ளிகள் மறைந்து புதிதாக ஒரே புள்ளி நிற்கும். மூன்றும் சேர்ந்து ஒரே பொருளாகி, வளையம் மூடிவிட்டது என்று அர்த்தம். கரைப்பான் இல்லை, சூடு இல்லை, வினையூக்கிகூட இல்லை. வெறும் அரைப்புதான். கடைசியில் சுத்தம் செய்வதற்காகச் சாராயத்தில் கரைத்து வடிகட்டும்போது மட்டும் வடிதாளில் கொஞ்சம் சாம்பல் நிறக் கசடு தங்கும். "கல்லு தேயுதும்மா" என்றார் நெறியாளர். நானும் தலையாட்டினேன். ஒன்றுமே சேர்க்காமல் வெறும் அழுத்தத்தால் வளையம் எப்படி மூடுகிறது என்று கரும்பலகை நிறைய அம்புக்குறிகள் போட்டு விளக்கினார். அம்புகள் அத்தனை அழகாக இருந்தன. கட்டுரையும் எழுதி ஒரு சஞ்சிகைக்கு அனுப்பியாயிற்று.

என் தலை தப்ப அந்த ஒரு வினைதான் இருந்தது. ஆய்வேட்டின் மற்ற அத்தியாயங்கள் வெறும் சோற்றுப் பருக்கைகள், குழம்பு இதுதான். என் பதிவை ஏற்கெனவே ஒரு முறை நீட்டித்துவிட்டார்கள். அந்த வருடத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ரத்தானால் தனியார் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகத் திரும்ப வேண்டும். அங்கே இருப்பவர்கள் எல்லோரும் என்னை ஏற்கெனவே கேலியாக 'டாக்டரம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்து நெறியாளர் மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போனார். கிருமிகள்மேல் சோதித்துப் பார்க்க நிறையப் பொருள் தேவைப்பட்டது. "அரைச்சு வச்சிடு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அரைத்தேன். வரவில்லை.

ஈரமாகவே இல்லை. மூன்று பொடிகளும் கல்வத்துக்குள் ஒன்றையொன்று தெரியாதவர்கள்போல் உட்கார்ந்திருந்தன. மறுநாளும் அதே கதை. புதிய புட்டிகள் உடைத்தேன், தராசைச் சரிபார்த்தேன், கல்வத்தை அமிலத்தில் கழுவி வெயிலில் காயவைத்தேன். கழுவக் கழுவ இன்னும் மோசமானது. அடி அண்ணாமலையிலிருந்து வேலைக்கு வரும் ஆய்வக உதவியாளர் அக்கா, மழை வந்ததா என்று விசாரிப்பதுபோல் தினமும் வாசலில் நின்று கேட்பார்: "இன்னாம்மா, இன்னிக்கும் வரலியா?" ஒரு நாள் அவரே மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, "எப்பா, இந்தப் பொண்ணுக்கு வரவையி" என்று சத்தமாக வேண்டிக்கொண்டார். அன்றைக்கும் வரவில்லை. தோள்பட்டை வீங்கிப்போய் வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாமியார், "கல்லு கொத்தி வச்சியா?" என்றார். இந்த நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று அழுகையே வந்துவிட்டது.

நெறியாளரைப் போனில் கூப்பிட்டேன். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"மனசு வச்சு அரைக்கலம்மா நீ" என்றார்.

வினை மனசால் நடக்காது, அணுக்களால் நடக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். போனை வைத்துவிட்டு நன்றாகத் திட்டினேன். குழந்தையைத் தவிர எல்லோரையும் திட்டினேன்.

அவர் ஊர் திரும்பிய மறுநாள் காலை, மலையைச் சுற்றிவிட்டு நேராக ஆய்வகத்துக்கு வந்தார்.

"எங்க, என் எதிர்ல அரை. பாக்கலாம்."

மூன்று பொடிகளையும் எடைபோட்டுக் கொட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, நெற்றியில் இட்டுக்கொண்டார். அக்காவிடம் நீட்டினார், அக்கா இட்டுக்கொண்டார். என்னிடம் நீட்டினார், நானும் இட்டுக்கொண்டேன். பிறகு வழக்கம்போல ஒரு சிட்டிகை எடுத்துக் கல்வத்துக்கும் போட்டுவிட்டு, கண்ணை மூடித் திறந்தார்.

"ம். அரை."

அரைத்தேன். ஈரமானது. பிசினாக ஒட்டியது. இறுகியது. அக்கா கைதட்டினார். நெறியாளர் என்னைப் பார்த்து, நான் சொல்லவில்லையா என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் குழவியைப் பிடித்தபடியே நின்றவள், மெல்ல அவர் விரல்களைப் பார்த்தேன்.

"சார், இப்ப கல்வத்துல என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலியே."

"போட்டீங்க சார். நான் பாத்தேன்."

"எப்ப?"

"அரைக்கிறதுக்கு முன்னாடி. பொட்டலத்துலேர்ந்து எடுத்துப் போட்டீங்களே."

"ஓ, அதுவா? அது விபூதிம்மா."

"விபூதி போட்டீங்க."

"ஆமா, விபூதி. வேற எதாவது போட்டேனா?"

நானும் ஒருகணம் யோசித்தேன். வேறு எதுவும் போடவில்லைதான். பிறகுதான் எனக்குத் தலை சுற்றியது.

குடுவையில் ஒரு தூசி இருந்தால் மூன்று தடவை கழுவச் சொல்லும் மனிதர் அவர். ஆனால் அவர் மனதில் விபூதி ஒரு பொருளே அல்ல. அதற்கு எடை கிடையாது, வாய்பாடு கிடையாது, அது கலக்கும் சாமான் கிடையாது. தினமும் காலையில் அவர் எல்லோருக்கும் தருவதுபோல் கல்வத்துக்கும் தந்துவிட்டுப் போயிருக்கிறார். நானோ அதற்கு மேல். தினமும் கண்ணால் பார்த்தேன். கல்வத்தின் விளிம்பில் ஒட்டியிருந்ததைத் துடைக்கவும் எனக்குக் கை வரவில்லை. விபூதியை யாராவது துடைப்பார்களா? வடிதாளில் தங்கிய சாம்பலைக் கல் தேய்கிறது என்று நம்பினேன். அசல் விபூதி என்பது பசுஞ்சாணத்தை எரித்த சாம்பல், சாம்பல் ஒரு காரம், காரம் இருந்தால் இந்த வளையம் மூடும். இதைக் கல்லூரி முதலாண்டுப் பெண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். நாங்கள் இரண்டு பேரும் விழித்திருந்தோம், அதுதான் பிரச்சினை.

நெறியாளர் முக்காலியில் உட்கார்ந்தார். பொட்டலத்தை மடித்தார், திரும்பப் பிரித்தார். "அம்பெல்லாம் போட்டேனேம்மா" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அன்றே சஞ்சிகையிலிருந்து கட்டுரையைத் திரும்பப் பெற்றார். அவர்களுடைய இணையதளத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று மதியம் முழுக்கக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கடைசியில் 'சொந்தக் காரணங்கள்' என்று ஆங்கிலத்தில் தட்டினார்.

பிறகு வேலை சூடு பிடித்தது. விபூதிதான் வினையூக்கி என்றால் அதை முறையாக நிரூபிக்க வேண்டும். அக்கா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை, விஷயம் கல்லூரி முழுக்கப் பரவியது. ஆளாளுக்கு வீட்டுப் பூஜையறை விபூதியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு மாடி ஏறினார்கள். "மேடம், நம்ம விபூதி ஒரிஜினலான்னு பாத்துச் சொல்லுங்க." வளையம் மூடினால் அசல், மூடாவிட்டால் வாசனை போட்ட சுண்ணாம்புக் கல் பொடி. அலுவலகக் கண்காணிப்பாளர் பல வருடமாகப் பூசி வந்த விபூதியில் ஒன்றுமே நடக்கவில்லை. அதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை, என் கோப்புகளும் அவர் மேசையைவிட்டு லேசில் நகரவில்லை. இதற்குள் வாட்ஸ்அப்பில் யாரோ 'அண்ணாமலை விபூதியில் சகல வியாதிக்கும் மருந்து, கல்லூரியில் கண்டுபிடிப்பு' என்று கிளப்பிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் போன் மேல் போன். சாம்பல் வினைக்குத் துணை நிற்கும் அவ்வளவுதான், அதை வடிகட்டி எடுத்துவிடுவோம், தயவுசெய்து யாரும் சாப்பிடாதீர்கள் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. "அப்போ பூசிக்கலாம் இல்ல?" என்றார் ஒரு சித்தப்பா.

கடைசியில் எவர் விபூதியும் வேண்டாம் என்று எங்கள் வீட்டுப் பசுவின் சாணத்தை நானே வறட்டியாகத் தட்டி, எரித்து, சலித்து, எடைபோட்டு அரைத்தேன். மாமியார் அன்றைக்குத்தான் என் ஆய்வை முதன்முதலாக மரியாதையோடு பார்த்தார். சாணி அவருக்குப் புரிந்த விஷயம். வளையம் மூடியது, மறுபடியும் மூடியது, வேறு கல்லூரியில் அரைத்தபோதும் மூடியது. அத்தியாயத்தைத் திருத்தி எழுதி, கெடு முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தேன். பொருள்கள் வாங்கிய விவரம் சொல்லும் பகுதியில், பெரிய பெரிய ரசாயன நிறுவனங்களுக்குக் கீழே 'சாணம்: ஆய்வாளரின் இல்லம்' என்று ஒரு வரி வந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு முன்தினம் நெறியாளர் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"இந்த யோசனை எப்படி வந்துச்சுன்னு கேட்டா, பழைய கட்டுரைங்களைப் படிச்சு வந்துச்சுன்னு சொல்லிடும்மா. சாம்பலை வச்சு நெறய பேர் செஞ்சிருக்காங்க. பெரிய பொய் ஒண்ணும் இல்ல. லேப்ல சாமி கெடையாதுன்னு இத்தனை வருஷம் சொல்லிட்டு, நானே... எல்லாரும் சிரிப்பாங்க."

சரி என்றேன். எனக்குப் பட்டம் வந்தால் போதும்.

தேர்வு கல்லூரி அரங்கில் நடந்தது. துறை முழுக்க வந்திருந்தது, முன்வரிசையில் பட்டுப்புடவையில் மாமியார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் சிரிப்பென்றால் என்னவென்று தெரியாத முகத்தோடு என் ஆய்வேட்டைப் புரட்டினார்.

"வினையூக்கியே இல்லாத வினைன்னுதான் பதிவை நீட்டிக்க நீங்க குடுத்த பழைய அறிக்கையில இருக்கு. இங்க திடீர்னு சாணச் சாம்பல் வருது. எப்படி?"

"பழைய கட்டுரைகளைப் படிச்சு சார்."

"நெல் உமிச் சாம்பல் படிச்சிருக்கேன். வாழைத்தோல் சாம்பல் படிச்சிருக்கேன். இந்த வினைக்குச் சாணச் சாம்பல் எந்தக் கட்டுரையில இருக்கு? சொல்லுங்க, குறிச்சுக்கறேன்."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். இல்லாத கட்டுரைக்குப் பெயர் சொல்ல முடியுமா? இத்தனை வருட அரைப்பும் அந்தப் பேனா முனையில் நிற்பது எனக்குத் தெரிந்தது.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நெறியாளர் எழுந்து நின்றிருந்தார்.

"கட்டுரை எதுவும் இல்லீங்க. நான்தான் போட்டேன். விபூதி."

தேர்வாளர் தலையைத் தூக்கினார்.

"எவ்வளவு?"

"ஒரு சிட்டிகை."

"எதுக்கு?"

நெறியாளர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "இவளோட பதிவு முடியப் போவுதுங்க. வீட்டுல வேற கேலி பண்றாங்கன்னு சொல்லும். இந்த ஒண்ணு வந்துட்டா கரையேறிடும். வரணும்னு வேண்டிக்கிட்டு தினம் போட்டேன். அது பொருள்னு எனக்குத் தோணலீங்க."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் எதிர்பார்த்த சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. தேர்வாளர் தாளில் ஏதோ எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்படின்னா இதுல ரெண்டு விஷயம் கலந்திருக்கு. ஒண்ணு சாம்பல், இன்னொண்ணு வேண்டுதல். ரெண்டையும் பிரிச்சுப் பாத்தீங்களா?"

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"பாத்தேன் சார். வேண்டுதல் மட்டும் இருந்து சாம்பல் இல்லாதப்ப வரல. எங்க அக்கா வேண்டிக்கிட்டாங்க."

பின்வரிசையிலிருந்து அக்கா கையைத் தூக்கினார்.

"சாம்பல் மட்டும், வேண்டுதல் இல்லாம?"

"வந்துச்சு சார். சாமி கும்பிடாம, கோவமா இருக்கிற நாளாப் பாத்து அரைச்சேன்."

"அப்படி எத்தனை நாள் கெடச்சுது?"

"எல்லா நாளும் கெடச்சுது சார்."

அப்போதுதான் அரங்கம் சிரித்தது. தேர்வாளரும் பேனாவை மூடிக்கொண்டு லேசாகச் சிரித்ததைப் பார்த்தேன். பட்டம் பரிந்துரைக்கப்படுகிறது என்று அறிவித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு என்ன என்று விசாரித்தார்.

எல்லோரும் சாப்பாட்டுக்கு நகர்ந்தபின் மாடிப்படியில் நெறியாளர் எனக்காக நின்றுகொண்டிருந்தார். வாழ்த்து சொல்வார் என்று நினைத்தேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வேண்டுதல் இல்லாம வெறும் சாம்பல் போட்டியே, அதுக்கும் நான் போட்டதுக்கும் விளைச்சல்ல வித்தியாசமே இல்லியாம்மா?"

"இருந்துச்சு சார். நீங்க போட்டதுல கொஞ்சம் ஜாஸ்தி."

"ஜாஸ்தியா?"

"ஆமா சார். எப்பவும் கொஞ்சம் ஜாஸ்திதான்."

அந்த முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. தலையை ஆட்டிக்கொண்டே படி இறங்கிப் போனார். அத்தனை நாள் அவரைத் திட்டித் தீர்த்த எனக்கு அந்த நேரம் அவர்மேல் பொங்கிப் பொங்கிப் பிரியம் வந்தது. அவர் விரல்கள் தடிமன், அவருடைய சிட்டிகையில் சாம்பல் கூடுதலாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதை நான் சொல்லவில்லை.